வானம் யாரிடம் கையெழுத்துப் போட்டது?

நேற்றுக் காலை நடைக்குப் போனபோது கடற்கரைச் சாலையில் ஒரு சண்டையைப் பார்த்தேன். பெண்ணின் தகப்பனார் ஒரு பக்கம், ஃபோட்டோகிராஃபர் மறுபக்கம். நடுவில், தரையில் புரளும் பாவாடையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கல்யாணத்துக்கு இன்னும் சில நாட்களே இருக்கிற பெண். லைட் பிடிக்கிற பையன் தன் தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு, குடையைக் காமிராவுக்குப் பிடித்துக்கொண்டிருந்தான். பெரிய மழை இல்லை. தூறல்தான். ஐப்பசித் தூறல்.

"வெதர் ஒத்துழைக்கலைன்னா அதுக்கு நான் என்ன சார் பண்றது? பின்னாடி நீல வானம் வேணும்னு மொதல்லியே சொன்னேனா இல்லியா? இன்னொரு நாள் வந்து எடுத்துக் குடுங்க. அதுக்குத் தனியா காசு கேக்காதீங்க."

ஃபோட்டோகிராஃபர் பதில் சொல்லவில்லை. முப்பது வயதுகூட இருக்காது. லென்ஸைத் துடைப்பதும் வானத்தைப் பார்ப்பதுமாக நின்றார்.

'ஒத்துழைக்கவில்லை.' இந்தச் சொல்தான் வீடு வரும்வரை என் காதில் இருந்தது. நம் ஊர்க் கடற்கரையில் ஒத்துழையாமை இயக்கம் நடத்திய பெரியவர் சிலையாகவே நின்றுகொண்டிருக்கிறார். அவரைப் பார்த்துப் பார்த்து வானமும் அந்த இயக்கத்தில் சேர்ந்துவிட்டதா என்ன? முப்பத்தொன்பது வருடம் அரசாங்கக் கோப்புகளில் குறிப்பு எழுதியவன் நான். ஒருவர் ஒத்துழைக்கவில்லை என்று எழுத வேண்டுமானால், ஒத்துழைப்பதாக அவர் முதலில் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். வானம் எந்தத் தாளில், யார் முன்னிலையில் கையெழுத்துப் போட்டது?

சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. கோபத்தோடுதான் சொல்கிறேன். கோபத்துக்குக் காரணம் இரண்டு. ஒன்று போன வருடத்தது. இன்னொன்று முப்பது வருடத்துக்கு முந்தையது. முதலில் போன வருடத்தைச் சொல்கிறேன்.

என் தம்பி பேத்தியின் கல்யாணம் போன கார்த்திகையில் நடந்தது. தை மாதம் ஆல்பம் வந்தது. இந்தக் காலத்து ஆல்பங்களை மடியில் வைத்துப் பார்க்க முடியாது. சாப்பாட்டு மேசையில் கிடத்தி, இரண்டு பேர் சேர்ந்து பக்கம் திருப்ப வேண்டும். முதல் பத்துப் பக்கம் கல்யாணத்துக்கு முன்னால் எடுக்கிற படங்கள். மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, பிரெஞ்சுப் பெயர்ப் பலகை. நமக்குத் தெரிந்த தெருக்கள்தான். அதற்கடுத்து இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே படம். பெண்ணும் பிள்ளையும் கடற்கரைப் பாறைமேல் கை கோத்து நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் செக்கச் சிவந்த வானம். கடலில் பாதி இறங்கிவிட்ட சூரியன்.

"எப்படி இருக்கு பெரிய தாத்தா?" என்று பேத்தி கேட்டாள்.

"இது காலையிலே எடுத்ததா?"

"இல்லையே, சாயங்காலம். அஞ்சு மணி இருக்கும்."

எனக்குப் பேச்சு வரவில்லை. புதுச்சேரியில் பிறந்து வளர்ந்த யாருக்கும் தெரியும், நம் கடல் கிழக்கே இருக்கிறது. சூரியன் கடலிலிருந்து எழும்பும், கடலில் விழாது. சாயங்காலம் சூரியனைத் தேடினால் உழவர்கரைப் பக்கம்தான் தேட வேண்டும். இங்கே அது வங்காள விரிகுடாவில் மூழ்கிக்கொண்டிருந்தது! கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தேன். பாறைகள் நனைந்து கன்னங்கரேலென்று பளபளத்தன. பெண்ணின் காலடியில் நிழலே இல்லை. எதிரே அவ்வளவு பெரிய சூரியனை வைத்துக்கொண்டு நிழல் விழாமல் நிற்பது தேவர்களால் மட்டுமே முடியும் என்று நளன் கதையில் படித்திருக்கிறோம்.

விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. படம் எடுத்தது நவம்பர் கடைசி வாரம். அன்று வானம் சாம்பல் நிறம், விட்டு விட்டுத் தூறல். "வெதர் ஒத்துழைக்காததால்" கம்ப்யூட்டரில் அசல் வானத்தை வெட்டி எடுத்துவிட்டு, எங்கோ எவரோ எடுத்த வானத்தை ஒட்டியிருக்கிறார்கள். இப்போது அதற்கென்றே மென்பொருள் இருக்கிறதாம். ஒரு பொத்தானை அழுத்தினால் போதுமாம்.

நண்பர்களே, 2024 நவம்பர் கடைசி வாரம் எது என்று உங்களுக்கு நினைவிருக்கும். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம் ஊர் அருகேதான் கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. கிருஷ்ணா நகர் பக்கம் ராணுவம் இறங்கி, வீட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை மீட்டது. என் வீட்டிலேயே முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. பெட்டியில் இருந்த பழைய படங்களை விசிறியின் கீழே பரப்பிக் காயவைத்தோம். அந்த வாரத்து ஊரை, அந்த வாரத்து வானத்தை, ஆல்பத்தில் பொன்னிறமாக வைத்திருக்கிறார்கள். கீழே ஆங்கில எழுத்தில் 'நவம்பர் 2024' என்று வேறு அச்சிட்டிருக்கிறது. ஐம்பது வருடம் கழித்து இந்தப் பெண்ணின் பேரன் இதைப் பார்த்தால் என்ன நினைப்பான்? எங்கள் அலுவலகத்தில் இதற்குப் பெயர் பொய்ச் சான்றிதழ். தேதி சரியாக இருக்கும், முத்திரை சரியாக இருக்கும், விஷயம் மட்டும் பொய்யாக இருக்கும்.

என் பள்ளிப் படிப்பு பிரெஞ்சு வழியில். எங்கள் மெத்ர் ஒருநாள் பலகையில் ஒரு கேள்வி எழுதிப் பொருள் கேட்டார். "கெல் தாம் ஃபெத்தில்?" தாம் என்றால் காலம், நேரம் என்று முதல் வாரம்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். நான் துள்ளி எழுந்து "மணி என்ன?" என்று சொன்னேன். விரல் முட்டியில் அளவுகோல் விழுந்தது. அந்தக் கேள்விக்கு "வானிலை எப்படி இருக்கிறது?" என்று பொருள். பிரெஞ்சில் காலத்துக்கும் வானிலைக்கும் ஒரே சொல்தான். அடி வலியில் அன்று அது அநியாயமாகத் தோன்றியது. இப்போது யோசித்தால் அதில் பெரிய நியாயம் இருக்கிறது. வானிலையைப் பிரித்து எறிந்துவிட்டுக் காலத்தை மட்டும் எப்படி வைத்துக்கொள்வது?

நம் தமிழ் மட்டும் வேறா சொல்கிறது? மழைக்காலம், பனிக்காலம் என்கிறோம், அங்கேயும் காலம்தான். தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்தார். மனிதரின் காதலும் பிரிவும் உரிப்பொருள். முதலில் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று வானம் தன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். பிறகுதான் தலைவனும் தலைவியும் வருவார்கள். அதிலும் முல்லைத் திணைக்கு உரிய பெரும்பொழுது எது? கார்காலம். மழை தொடங்கும் முன் திரும்பிவிடுவேன் என்று சொல்லிப் போன தலைவனுக்காகத் தலைவி காத்திருப்பது அந்தக் கருமேகத்தின் கீழேதான். காதலுக்கு மழைமேகம் பொருத்தம் இல்லை என்று இவர்களுக்கு யார் சொன்னது? ஏதோ வெளிநாட்டுச் சுற்றுலா அட்டையில் பார்த்த நீல வானத்தை நம் ஐப்பசிக்கு மேல் கூரையாகப் போர்த்தப் பார்க்கிறார்கள்.

சரி, நீல வானம்தான் வேண்டும் என்றால் அதற்கு வழி இல்லையா? இருக்கிறது. நம் ஊருக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது. ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்று படிக்காத கிழவிகளுக்கும் தெரியும். ஆனால் மார்கழியில் கல்யாணம் கிடையாது என்பதால், அதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று முகூர்த்தங்களை இந்த இரண்டு மாதத்தில் அடுக்குகிறோம். மண்டபம் கிடைக்கவில்லை என்று எட்டு மாதத்துக்கு முன்பே முன்பணம் கட்டுகிறோம். படம் எடுப்பதை மட்டும் கல்யாணத்துக்கு முந்தின வாரத்துக்குத் தள்ளிவைக்கிறோம். பங்குனியிலோ ஆவணியிலோ ஒரு நாள் எடுத்துவிட்டால் என்ன? அதற்குள் கல்யாணம் நின்றுவிடுமோ என்று பயமா? இதில் வானத்தின் குற்றம் எங்கே இருக்கிறது? நாள் குறித்தவர்கள் நாம்.

அடுத்தது, மேகம் இருந்தால் படம் கெட்டுப்போகும் என்பதே தப்பு. நான் ஃபோட்டோகிராஃபர் அல்ல. ஆனால் இருபத்தைந்து வயதில் ஒரு பழைய ஆக்ஃபா கிளிக் 3 வாங்கி, பன்னிரண்டு படம் விழும் ஃபிலிமை மாதத்துக்கு ஒன்று என்று கணக்குப் பார்த்துச் செலவழித்தவன். வெறும் டப்பா காமிரா அது. அதில்கூட வெயிலுக்கு ஒரு குறி, மேகத்துக்கு ஒரு குறி இருந்தது. வானத்தைப் பார்த்து நெம்புகோலைத் தள்ள வேண்டும். ஃபிலிம் சுருளோடு வரும் துண்டுக் காகிதத்திலும் வெயில், மெல்லிய மேகம், மூட்டம், நிழல் என்று வரிசையாகப் போட்டு, எதற்கு எவ்வளவு வெளிச்சம் விட வேண்டும் என்று அச்சிட்டிருப்பார்கள். ஏழைக்கு விற்ற காமிராவில்கூட மேகத்துக்கு ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். லட்சக்கணக்கில் விலை போட்டு வாங்கும் காமிராவை வைத்துக்கொண்டு மேகத்தைக் கண்டால் ஓடுகிறார்கள்.

வெட்டவெளியில் உச்சி வெயிலில் ஒரு பெண்ணை நிறுத்திப் பாருங்கள். கண்குழி கறுத்துவிடும். மூக்கின் நிழல் உதட்டில் விழும். ஜரிகை கண்ணைப் பறிக்கும், பட்டின் நிறம் வெளுக்கும். பெண் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பாள். இதைத் தவிர்க்கத்தான் வெயிலில் படம் எடுப்பவர்கள் தலைக்குமேல் வெள்ளைத் துணியைப் பிடிக்கிறார்கள். மேகமூட்டம் என்பது அதே வெள்ளைத் துணிதான். வானம் முழுக்க, காசு வாங்காமல் கட்டிவிட்டிருக்கிறது. முகத்தில் ஒளி எல்லாப் பக்கமும் சமமாக விழும். வயதானவர்கள் முகத்துக்கு அதைவிட இதமான வெளிச்சம் கிடையாது. மழை பெய்து ஓய்ந்த அரைமணி நேரத்தில் இலையும் சுவரும் ஓடும் எவ்வளவு நிறத்தோடு இருக்கின்றன என்று பார்த்திருப்பீர்கள். தூசி கழுவிப் போவது மட்டும் காரணம் அல்ல. காய்ந்த பரப்பு வெளிச்சத்தை நாலாபக்கமும் சிதறடித்து நிறத்தை வெளுக்கவைக்கும். மேலே தண்ணீர் படிந்தால் அந்தச் சிதறல் குறையும், நிறம் ஆழமாகத் தெரியும்.

மழையே படத்தில் விழ வேண்டுமா? அதற்கும் முறை உண்டு. மழைக்கு அந்தப் பக்கமிருந்து வெளிச்சம் வர வேண்டும், பின்னணி இருட்டாக இருக்க வேண்டும், அப்போது ஒவ்வொரு தாரையும் வெள்ளிக் கம்பி போலத் தெரியும். காமிராவுக்குப் பக்கத்திலிருந்து ஃபிளாஷ் அடித்தால் அம்மைத் தழும்பு போல வெள்ளைப் புள்ளிகள்தான் விழும். குளிரூட்டிய காரிலிருந்து காமிராவை எடுத்து நேரே நம் புழுக்கத்தில் நீட்டினால் லென்ஸ் வியர்த்துவிடும். வாய் கட்டிய பிளாஸ்டிக் பையிலேயே சிறிது நேரம் வைத்து வெளிச்சூட்டுக்குப் பழக்கிவிட்டு எடுக்க வேண்டும். இதெல்லாம் தெரிந்த பையன்கள் நம் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களைச் செய்யவிடாமல் "ப்ளூ ஸ்கை" கேட்பது நாம்தான்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு மூடத்தனம். மழை நாளிலும் எல்லாரும் பிரெஞ்சுப் பகுதிக்கே ஓடுகிறார்கள். அந்த வீடுகளின் அழகெல்லாம் உள்ளே. முற்றமும் வளைவுத் தாழ்வாரமும் உள்ளே இருக்க, தெருவுக்கு வெறும் உயரச் சுவரைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். மழை வந்தால் ஒதுங்க ஓர் அடி இடம் கிடையாது. கால்வாயைத் தாண்டி இந்தப் பக்கம் வாருங்கள். வைசியாள் வீதி போன்ற நம் தமிழ்த் தெருக்களில் இன்னும் மிச்சம் இருக்கும் பழைய வீடுகளைப் பாருங்கள். தெருவைப் பார்த்த தாழ்வாரம், மரத்தூண், உள்ளே திண்ணை. வெயிலுக்கும் மழைக்கும் வழிப்போக்கன் ஒதுங்குவதற்காகவே கட்டியவை அவை. ஓட்டிலிருந்து தண்ணீர் திரைபோல இறங்க, தூணோடு சாய்ந்து இரண்டு பேர் நின்றால் அதைவிட அழகான கல்யாணப் படம் உண்டா? நம் முன்னோர் வானத்தோடு ஏற்கெனவே பேசி முடித்துக் கட்டிய இடம் இருக்க, வேறு யாரோ கட்டிய சுவர் முன்னால் நனைந்துகொண்டு வானத்தைத் திட்டுகிறோம்.

பாறைமேல் ஏறுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கும். மீனவர்கள் படகை மேலே இழுத்துக் கட்டியிருப்பார்கள். அந்த நேரத்தில் பாசி பிடித்த கருங்கல்லின்மேல் புதுச் செருப்பும் நீளப் பாவாடையுமாக ஒரு பெண்ணை ஏற்றி, "அலை வரும்போது சிரிம்மா" என்கிறார்கள். கடல் ஒத்துழைக்காவிட்டால் என்ன ஆகும் என்று இவர்களுக்குத் தெரியாதா? நம் பழைய துறைமுகப் பாலத்தையே 2022 மார்ச்சில் அலை உடைத்துப்போட்டது. மேரி கட்டடம் 2014 நவம்பரில் மழையில் இடிந்து விழுந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். கல்லும் இரும்பும் தாங்காத பருவத்தில் பெண்ணை நிறுத்திப் படம் எடுக்க வேண்டுமா?

நான் படித்த பள்ளியில் பிரெஞ்சு ஓவியர்களைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார்கள். குளோத் மோனே என்பவர் ரூவான் நகரத்துத் தேவாலயத்தின் முகப்பு ஒன்றையே முப்பது தடவைக்கு மேல் வரைந்தார். எதிர் வீட்டில் அறை எடுத்துக்கொண்டு, வெளிச்சம் மாற மாறத் துணியை மாற்றி வைத்து வரைந்திருக்கிறார். மூடுபனியில் ஒன்று, வெயிலில் ஒன்று, சாயங்காலத்தில் ஒன்று. கல் மாறவில்லை, வானம்தான் மாறியது. அதை வரைவதுதான் தன் வேலை என்று அவர் நினைத்தார். கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் 1950-ல் நம் ஊருக்கே வந்து ஸ்ரீ அரவிந்தரைப் படம் எடுத்தவர். அவர் பெயரைச் சொன்னாலே நினைவுக்கு வருவது, 1932-ல் பாரிஸில் ஒரு ரயில் நிலையத்தின் பின்புறம் தேங்கிய தண்ணீரைத் தாண்டிக் குதிக்கும் மனிதனின் படம்தான். தண்ணீர் வடியட்டும் என்று அவர் காத்திருந்தால் உலகத்துக்கு அந்தப் படமே கிடைத்திருக்காது.

இதற்கு என் தம்பி ஒரு பதில் சொன்னான். "அண்ணே, அந்தக் காலத்து ஸ்டூடியோவிலே மட்டும் என்ன வாழ்ந்துது? தாஜ்மகால் படுதாவுக்கு முன்னாடி நின்னு நீயும் அண்ணியும் படம் எடுத்துக்கலியா? அது மட்டும் நிஜமா?"

நல்ல கேள்விதான். எடுத்துக்கொண்டோம். அந்தப் படம் இன்னும் கூடத்தில் மாட்டியிருக்கிறது. ஆனால் அந்தப் படுதாவின் அடிமடிப்பு படத்திலேயே தெரிகிறது. பக்கத்தில் பிளாஸ்டிக் பூ வைத்த முக்காலியும் தெரிகிறது. நாங்கள் ஆக்ராவுக்குப் போனோம் என்று நினைத்து யாரும் ஏமாறவில்லை. அது நாடகத்துக்குக் கட்டிய திரை. பார்ப்பவருக்கும் தெரியும், நிற்பவருக்கும் தெரியும். ஒட்டுவானம் அப்படியா? ஒட்டியது தெரியக் கூடாது என்பதற்காகத்தானே அத்தனை பாடு? வேஷம் போடுவது வேறு, ஆள்மாறாட்டம் செய்வது வேறு. முதலாவதுக்குக் கைதட்டலாம். இரண்டாவதுக்கு எங்கள் நாளில் வழக்குப் போடுவார்கள்.

"அதுங்க ஆசை, ஒரு நாள்தானே, விட்டுத்தொலைங்களேன்" என்று என் வீட்டம்மா சொன்னாள். அவள் சொன்னதும் நியாயம்தான். ஒப்பனைக்கும் வண்டிக்கும் பணம் கட்டி, இரண்டு பேரும் விடுப்புப் போட்டு வந்திருக்கிற நாளில் மழை வந்தால் மனம் கஷ்டப்படத்தான் செய்யும். பெண்ணை நான் குறை சொல்லவில்லை. அந்தப் பையனையும் குறை சொல்லவில்லை. வெளிச்சமான படம் கொடுத்தால்தான் மிச்சப் பணம் என்று சொன்னால் அவன் வானத்தைத் திருடாமல் என்ன செய்வான்? பணம் கொடுக்கும் பெரியவர்கள் கேட்டதைத்தான் அவன் செய்தான்.

இப்போது இரண்டாவது காரணத்துக்கு வருகிறேன். இதை இதுவரை நான் எழுதியதில்லை.

1993 டிசம்பர் முதல் வாரம் காரைக்கால் அருகே ஒரு புயல் கரையைக் கடந்தது. அப்போது நான் நிவாரண மனுக்கள் வந்து சேரும் ஒரு மேசையில் இருந்தேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். சேதத்தைக் காட்டும் புகைப்படம் இணைத்தால் மனு சீக்கிரம் நகரும் என்று ஒரு வாய்மொழி ஏற்பாடு. எழுத்தில் உத்தரவு எதுவும் கிடையாது. மனுக்களில் ஒன்று அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு விதவையுடையது. மண்சுவர்க் குடிசை, கூரை முழுதும் போய்விட்டது, ஒரு பக்கச் சுவர் சரிந்துவிட்டது என்று எழுதியிருந்தது. கடன் வாங்கி எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படமும் இருந்தது. படத்தில் நல்ல வெயில். கூரை வேய்ந்த குடிசை. வாசலில் அந்த அம்மாள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார்.

நான் என்ன எழுதினேன் தெரியுமா? இன்றும் எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. "இணைக்கப்பட்டுள்ள புகைப்படத்தில் சேதம் எதுவும் காணப்படவில்லை. பரிசீலிக்க இயலாது." மேலே போயிற்று, கையெழுத்தாகி வந்தது.

அந்த அம்மாள் நேரில் வந்தார். சண்டை போடவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "வெயில் வந்தாத்தான் படம் தெளிவா வுழும்னு ஸ்டூடியோக்காரர் சொல்லிட்டாரு அய்யா. நாலு நாள் கழிச்சுத்தான் வந்தாரு. அதுக்குள்ள எம்மவன் அங்க இங்க கீத்து வாங்கிக் கட்டிட்டான். மழையில நாங்க எங்கய்யா படுக்கிறது?"

அவர் சொல்வது உண்மை என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. மறுபரிசீலனைக்கு ஒரு குறிப்பு எழுதினேன். "படம்தானே ஆவணம்? படத்தை நீரே பார்த்துத்தானே எழுதினீர்?" என்று திரும்பி வந்தது. சைக்கிளில் போனால் அரைமணி நேரத்தில் அந்தக் குடிசையைப் பார்த்திருக்கலாம். புதுக் கீற்றையும் பழைய சுவரின் விரிசலையும் பார்த்து அறிக்கை எழுதியிருக்கலாம். நான் போகவில்லை. அவர் இன்னும் இரண்டு தடவை வந்தார். பிறகு வரவில்லை.

அந்த ஸ்டூடியோக்காரர் கெட்டவர் அல்ல. மழையில் காமிரா கெட்டுவிடும், படம் மங்கிவிடும் என்று நினைத்தார். 'நல்ல வானிலைக்காக' நான்கு நாள் காத்திருந்தார். அந்த நல்ல வானிலைதான் அவர் படத்தைப் பொய்யாக்கியது. தூறலில் நின்று ஒரு மங்கல் படம் எடுத்திருந்தால் ஒரு குடும்பத்துக்கு நிவாரணம் கிடைத்திருக்கும். மங்கிய படம் உண்மையாக இருந்திருக்கும். தெளிவான படம் பொய் சொன்னது. அந்தப் பொய்யை நம்பிக் கையெழுத்து வைத்தவன் நான்.

கல்யாண ஆல்பத்தையும் நிவாரண மனுவையும் ஒன்றாகப் பேசுகிறானே கிழவன் என்று தோன்றலாம். எனக்கு இரண்டும் ஒரே பழக்கமாகத்தான் தெரிகிறது. வானம் எப்படி இருந்தது என்பதை அழித்துவிட்டு, எப்படி இருந்திருக்க வேண்டும் என்று நாம் எழுதிக்கொள்கிற பழக்கம். கல்யாணப் பெண் விஷயத்தில் அதனால் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் அழகுக்கு ஒரு வானம் ஒட்டலாம் என்று பழகிய கண், நாளைக்கு இடிந்த சுவரின் படத்தையும் சந்தேகத்தோடுதான் பார்க்கும். ஏற்கெனவே பார்க்கிறது. போன புயலின்போது என் செல்பேசிக்கு வந்த வெள்ளப் படங்களைக் காட்டினால், "இதெல்லாம் நிஜமா, ஒட்டினதா?" என்றுதான் வெளியூர் உறவினர்கள் கேட்டார்கள். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு நான் அதற்குப் பதில் எழுத வேண்டியிருந்தது.

ஆகவே, இந்தப் பருவத்தில் கல்யாணம் வைத்திருக்கும் பெரியவர்களுக்குச் சில விண்ணப்பங்கள். நீல வானம் வேண்டுமென்றால் நீல வானம் இருக்கும் மாதத்தில் எடுங்கள். ஐப்பசியில்தான் எடுப்பேன் என்றால் ஐப்பசியை எடுங்கள். இரண்டு நாள் குறித்து, இரண்டாவது நாளுக்கு முன்கூட்டியே பேசி, அதற்கு உரிய பணத்தையும் கொடுங்கள். மழைக்கு ஃபோட்டோகிராஃபர் அபராதம் கட்ட முடியாது. எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய நாளில் பெண்ணைப் பாறைமேல் ஏற்றாதீர்கள். தாழ்வாரம் இருக்கிறது, திண்ணை இருக்கிறது, குடை இருக்கிறது. ஒட்டுவானம் வேண்டாம் என்று முதல் நாளே வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்தப் பையன்கள் சந்தோஷப்படுவார்கள்.

நேற்றுச் சண்டை போட்ட அந்தத் தகப்பனாரிடம் இதைச் சொல்லத்தான் நினைத்தேன். தூறல் வலுத்தது, அவர் காருக்குள் ஏறிவிட்டார்.

பேத்தியிடம் மட்டும் ஒன்று கேட்டேன். அன்று எடுத்ததில் எதையும் ஒட்டாத படம் ஏதாவது இருக்கிறதா என்று. யோசித்துவிட்டுச் செல்பேசியில் ஒன்றைத் தேடி எடுத்தாள். மழை வலுத்தபோது எல்லோரும் ஒரு பழைய வீட்டுத் தாழ்வாரத்தில் ஒதுங்கியிருக்கிறார்கள். லைட் பிடிக்கிற பையன் சும்மா எடுத்தது. ஒப்பனை கலைந்திருக்கிறது. மாப்பிள்ளைப் பையன் தன் கோட்டைக் கழற்றி அவள் தலைக்குமேல் பிடித்திருக்கிறான். இரண்டு பேரும் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். பின்னால் தெரு முழுக்கச் சாம்பல் நிற வானம்.

"இதையா கேக்கறீங்க? இது நல்லாவே இல்லையே பெரிய தாத்தா" என்றாள்.

பெரிதாக அச்சுப்போட்டு வாங்கிக் கூடத்தில் தாஜ்மகாலுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். பின்புறம் பென்சிலால் இடமும் தேதியும் எழுதி, "மழை" என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் மாலை ஆறு மணிக்கு மேல் காந்தி சிலை அருகே என்னைப் பார்க்கலாம். தூறினாலும் வருவேன்.